பேய்க்கும் எனக்கும் ஒரே குரல்

எனக்குப் பாட்டு வராது. ராகம் ஓரளவு நிற்கும், வார்த்தை நிற்காது. பல்லவி முடிவதற்குள் பாதி மறந்துபோய், மீதியை 'ம்ம்... ம்ம்...' என்று இழுத்துக்கொண்டே போவேன். கல்யாணமான புதிதில் என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "என்னங்க, பாட்டா, வயித்து வலியா?" என்றாள். அந்த வயிற்று வலிதான் பிற்பாடு எங்கள் மகளைத் தூங்க வைத்தது. அவள் கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து அஞ்சு வயது வரைக்கும், நான் ஷார்ஜாவில் ரோலா என்கிற பகுதியில் இருந்துகொண்டு, அறந்தாங்கிப் பக்கத்தில் இருக்கிற பிள்ளையைத் தூங்க வைத்தேன்.

எப்படி என்று கேட்பீர்கள். இங்கே வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், குரலைப் பதிந்தும் அனுப்பலாம். கூப்பிட்டுப் பேச மட்டும் விடாது. வேறு ஆப் இருக்கிறது. அதில் முகம் தெரிந்தால் குரல் வராது, குரல் வந்தால் முகம் பாதியில் நின்று வாயைப் பிளந்துகொண்டிருக்கும். தூங்கப் போகிற பிள்ளைக்கு அது சரிப்பட்டு வரவில்லை. அதனால் டூட்டி முடிந்து ரூமுக்கு வந்ததும் மேல்கட்டிலில் ஏறி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, போனை வாயருகே வைத்துப் பதிவேன். முதலில் நாலு வார்த்தை பேச்சு. இன்றைக்கு எந்த வீட்டுக்குப் போனேன், அந்த வீட்டுப் பூனை என் ஏணியில் எப்படி ஏறிக்கொண்டது, இந்த மாதிரி. பிறகு 'ம்ம்'. ஊரில் அப்போது சாப்பாடு முடிந்து பாய் விரிக்கிற நேரம். மனைவி போனைத் தலையணை ஓரமாக வைத்து, நான் அனுப்பியதைப் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போவாள். திரும்பி வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும்.

கல்ஃபில் இருக்கிற தகப்பனுக்குப் பிள்ளை விஷயத்தில் செய்ய என்ன வேலை இருக்கிறது? குளிப்பாட்ட முடியாது, தூக்க முடியாது, காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க முடியாது. ஆனால் தூங்க வைப்பது என் வேலை. அதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஒரு தடவை லீவில் போயிருந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு அப்போது இரண்டு வயது இருக்கும். நானே பக்கத்தில் படுத்து, தட்டிக்கொடுத்து, நேரிலேயே 'ம்ம்' போட்டேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை. பிறகு அலமாரியைக் காட்டி, "அப்பா... அப்பா..." என்று சிணுங்கினாள். அங்கே போன் இருந்தது. மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கடைசியில் போனை எடுத்து என் பழைய குரலைப் போட்டாள். பிள்ளை ஒரு நொடியில் என் கைமேல் தலை வைத்துத் தூங்கிப்போனது. நானும் சிரித்தேன். ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தோம்.

ரூமில் நாங்கள் ஆறு பேர். என் வேலை ஏசி மெயின்டனன்ஸ். எங்கள் ரூமுக்கு ஜன்னலில் ஒரே ஒரு பழைய ஏசி. அது ஓடுகிற சத்தம் வெளியாட்களுக்குத்தான் சத்தம், எங்களுக்கு அது கேட்கவே கேட்காது. கஃபேடீரியாவில் சமையல் செய்கிற தஞ்சாவூர் அண்ணன் ஒருவர் கீழ்க்கட்டிலில் இருக்கிறார். அவர் வாயிலிருந்து வருவதை எல்லாம் நான் மனதில் எடுத்து வைத்துக்கொள்வேன். நான் படித்தது பத்தாவது வரைதான். மற்றதெல்லாம் ஆட்கள் பேசக் கேட்டுச் சேர்த்தது.

"ஏன்டா தம்பி, மெக்கானிக்க மேல் கட்டில்ல வச்சிக்கிட்டு நெல்லு மிஷினுக்கு அடியில படுத்துக் கெடக்குறோமே, இது எந்த ஊரு நியாயம்?" என்பார்.

"அண்ணே, கம்ப்ரசர் போச்சு. ஓனர் புதுசு மாத்துனாத்தான் உண்டு."

"ஓனரு ஏசிய மாத்த மாட்டான்டா. ஆளத்தான் மாத்துவான்."

அந்தக் கோடையில்தான் அந்தப் பேய்ப் படம் வந்தது. தியேட்டரில் ஓடும்போதே ஊரில் டிவி விளம்பரத்திலும் பஸ்ஸிலும் அதன் இசைதான் என்று சொன்னார்கள். ரோலாவிலும் அப்படித்தான் இருந்தது. பணம் அனுப்பும் கடை வரிசையில் நின்றால் ஒருவன் சட்டைப் பையில் அந்த இசை ஒலிக்கும். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். எங்கள் ரூமில் சூப்பர் மார்க்கெட்டில் வேலை செய்கிற திருநெல்வேலித் தம்பியும் அதைத்தான் ரிங்டோனாக வைத்திருந்தான். எனக்கு அதில் கவனமே இல்லை. வேலை முடிந்து வந்த காதில் எது விழுந்தது, எது விழவில்லை என்று யார் பார்க்கிறார்கள்?

ஒரு நாள் மனைவி நேரடியாக ஐஎஸ்டி போட்டுக் கூப்பிட்டாள். அப்படிக் கூப்பிட்டாள் என்றால் ஊரில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

"ஒண்ணுமில்லைங்க, பயப்படாதீங்க. பாப்பா ரெண்டு நாளா உங்க குரலப் போட விட மாட்டேங்குறா."

"ஏன், போன் ரிப்பேரா?"

"போனு நல்லாத்தான் இருக்கு. போட்டா காதப் பொத்திக்கிட்டுக் கத்துறா."

மெல்லக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. மச்சினன் கூட்டாளிகளோடு வந்து, பென் டிரைவில் திருட்டுத்தனமாக ஏற்றிக் கொண்டுவந்த அந்தப் படத்தை எங்கள் வீட்டு டிவியில் போட்டிருக்கிறான். பிள்ளை பக்கத்து அறையில் படுத்திருந்தது. படத்தை அது பார்க்கவே இல்லை. சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது. அந்தப் படத்தில் பேய் வருவதற்கு முன்னால் ஓர் ஆண் குரல் வார்த்தை இல்லாமல் முனகும். அது கேட்டதும் பிள்ளை எழுந்து, "அப்பா வந்துட்டாங்க!" என்று சிரித்துக்கொண்டே டிவி இருக்கிற இடத்துக்கு ஓடி வந்திருக்கிறது. வாசலில் கால் வைத்த அந்த நேரம் பார்த்துப் பேய் வந்தது. உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அலறியிருக்கிறார்கள்.

"அதுலேருந்து இப்படித்தாங்க. உங்க குரலு வந்தா அடுத்து எல்லாரும் கத்தப் போறாங்கன்னு நெனைக்கிறா போல. எங்க மூஞ்சிய எல்லாம் பாக்குறா."

மச்சினனைத் திட்டலாமா என்றால், அவனும் அழுகிற மாதிரி, "மாமா, எனக்கு எப்படி மாமா தெரியும்?" என்றான். உண்மைதானே. அவனுக்கு எப்படித் தெரியும்?

லீவு நாள் பகலில், விட்டு விட்டு வந்தாலும், வீடியோவில் முகம் பார்த்துப் பேசும்போது பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. செருப்பைக் காட்டுவாள், ஆட்டுக்குட்டியைக் காட்டுவாள், "எப்ப வருவ?" என்பாள். முகம் இல்லாமல் குரல் மட்டும் போனால்தான் கத்தல். சரி, தூங்கும் நேரத்துக்கும் முகத்தையே காட்டுவோம் என்று ஒரு நாள் முயன்றேன். பாதியில் நெட் நின்றுபோய், வாயைத் திறந்தபடி உறைந்த என் முகமும் அதற்குப் பின்னால் 'ம்ம்' சத்தமும் போயிருக்கிறது. அதற்கு மேல் வேறு பேய் எதற்கு?

ரூமில் இது பெரிய பேச்சாகிவிட்டது. திருநெல்வேலித் தம்பி முதல் வேலையாகத் தன் ரிங்டோனை அழித்தான். "அண்ணே, ஒம்ம முனகல விட்டுட்டு நல்ல பாட்டா பாடும். நான் வார்த்தைய எழுதிப் பிடிச்சுக்கிடுதேன், நீரு பாத்துப் படியும்" என்றான். அவன் கீழே நின்று அட்டையைத் தூக்கிப் பிடிக்க, நான் மேலே படுத்தபடி பாடி அனுப்பினேன். பதில் வந்தது: ஆரம்பத்திலேயே காதைப் பொத்திக்கொண்டாள்.

டைப்பிங் சென்டரில் வேலை செய்கிற யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் எதிர்க்கட்டிலில் இருக்கிறார். நன்றாகப் பாடுவார். "நான் ஒருக்கா பாடித் தாறன். என்ர குரலைக் கேட்டுப் பிள்ளை பயப்பிடாது. வேணுமெண்டால் அழும்" என்றார். அவர் பாடியதையும் அனுப்பினோம். முதல் வார்த்தை வருவதற்குள்ளேயே கத்தியிருக்கிறாள்.

"வார்த்தை வாறதுக்கு முன்னமே கத்தினவளோ? அப்ப என்ர பாட்டிலை பிழை இல்லை" என்று தஞ்சாவூர் அண்ணனிடம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

"ஆமாங்க. பாட ஆரம்பிச்சிருந்தா இன்னும் சத்தமால்ல கத்திருக்கும்" என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. பாடியதே வேறொருவர். குரல் வருவதற்கு முன்பே பிள்ளை எதைக் கேட்டுப் பயந்தது?

லீவு கேட்டுப் பார்த்தேன். எங்கள் சூப்பர்வைசர் மலையாளி, நல்ல மனிதர். "ஆகஸ்ட்ல ஏசிக்காரனுக்கு லீவோ? நீ போனா ஏணியில ஆரு கேறும்? குளிர் வரட்டும் பாய், நானே ஃப்ளைட் ஏத்தி விடுறேன்" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. அந்த வெயிலில் ஏசி நின்ற வீடுகளிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அந்தக் குழந்தைகளை எல்லாம் நான் தூங்க வைத்தேன்.

அப்புறம்தான் அந்தப் படத்தை நானே பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். லீவு நாள் மத்தியானக் காட்சி. யாழ்ப்பாணத்து அண்ணனும் திருநெல்வேலித் தம்பியும் கூட வந்தார்கள். தஞ்சாவூர் அண்ணன், "பேயப் பாக்கவாடா இவ்வளவு தூரம் ஏரோப்ளேன் ஏறி வந்தேன்?" என்று படுத்துக்கொண்டார்.

கதை ஒன்றும் பெரிதாக இல்லை. செத்துப்போன தகப்பன் பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கு வருகிறான். அவன் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. வருகிறான் என்பதை இசைதான் சொல்லும். முதலில் எல்லாச் சத்தமும் நின்றுவிடும். பறவை, காற்று, பாத்திரம், ஒன்றும் இருக்காது. அதற்கு அடியிலிருந்து ஓர் உறுமல் மெதுவாக எழும்பி வரும். காதுக்கு வருவதற்கு முன் உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்குள் வந்துவிடும். அதற்கு மேல்தான் அந்த முனகல்.

முனகல் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த உறுமலுக்குள்தான் நான் தினமும் படுக்கிறேன். அது தேய்ந்த கம்ப்ரசர் ஓடுகிற சத்தம். அந்த இசையமைப்பாளர் எங்கே எதை வைத்துப் பதிந்தாரோ தெரியாது, வயலினோ மிஷினோ. என் காதுக்கு அது எங்கள் ரூம் ஏசி. என் கட்டிலில் படுத்துக்கொண்டு யாரோ முனகுகிற மாதிரியே இருந்தது. நான் அனுப்பியது எல்லாமே அந்த உறுமலின் மேல் வைத்துத்தான் போயிருக்கிறது. பாட்டு மாறினாலும் ஆள் மாறினாலும் அடியில் அது இருந்துகொண்டே இருந்திருக்கிறது. எங்களுக்குக் கேட்கவில்லை, பிள்ளைக்குக் கேட்டிருக்கிறது.

பக்கத்தில் இருந்த தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, இது நம்ம ரூமுல்லா?" என்றான்.

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த முனகல் அவ்வளவு அழகாக இருந்தது. யாரையும் பயமுறுத்த வந்த குரலாகவே அது இல்லை. பிள்ளைகள் தூங்கிவிட்டார்களா என்று வெளியே நின்று கேட்கிற குரல். அலறியவர்கள் எல்லாம் படத்துக்கு உள்ளே இருந்த ஆட்களும் தியேட்டரில் இருந்த ஆட்களும்தான். நான் இசையமைப்பாளராக இருந்து, அப்படி ஒரு தகப்பனுக்கு இசை போடச் சொன்னால், நானும் இதைத்தான் போட்டிருப்பேன்.

வெளியே வந்ததும் யாழ்ப்பாணத்து அண்ணன், "நல்லாத்தான் செய்திருக்கிறான், கோதாரி விழுவான்" என்று திட்டுகிற மாதிரியே பாராட்டினார். அதையேதான் நானும் நினைத்திருந்தேன்.

காரணம் தெரிந்துவிட்டதே, இனி என்ன? ஏசியை நிறுத்திவிட்டுப் பதிந்தால் போதும். மெக்கானிக்குக்கு இது தோன்ற ஒரு பேய்ப் படம் பார்க்க வேண்டியிருந்தது. முதலில் கட்டடத்துக்கு வெளியே போய்ப் பதிந்து பார்த்தேன். ரோலாவின் ஹாரன் எல்லாம் அதில் ஏறிக்கொண்டது. படிக்கட்டில் நின்று பதிந்தேன். சுவரில் மோதி எதிரொலித்து வந்ததைப் போட்டுக் கேட்டுவிட்டு நானே பயந்தேன். ரூமில்தான் பதிய வேண்டும். ஆனால் ஆகஸ்ட் மாதத்தில், அந்த ரூமில், ஆறு பேர் இருக்கும்போது ஏசியை நிறுத்துங்கள் என்று எந்த வாயால் கேட்பது? கல்ஃபில் ரூம்மேட்டிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். சட்டையைக் கேட்கலாம், சோற்றில் பாதியைக் கேட்கலாம். இதைக் கேட்க முடியாது.

நான் கேட்கவில்லை. தம்பி போய்ச் சொல்லியிருக்கிறான். அடுத்த நாள் நான் டூட்டி முடிந்து வந்தபோது தஞ்சாவூர் அண்ணன் பனியனையும் கழற்றிவிட்டு, துண்டோடு உட்கார்ந்திருந்தார். "ஏறு மேல. பிள்ளை தூங்குற நேரமாச்சு. டேய், எவனும் இருமக் கூடாது, போன சைலண்டுல போடு. யாழ்ப்பாணத்தாரே, அந்தத் தும்மல இப்பவே தும்மிட்டு வந்துருங்க."

"தும்மல் எண்டது கேட்டுட்டே வாறது?"

ஏசியை நிறுத்தினார். ஃபேனையும் நிறுத்தினார். அந்த ரூமின் அமைதியை நான் அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். ஐந்து ஆம்பிளைகள் வியர்வை வழிய, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, கட்டிலின் ஓரங்களில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் திறக்க வழி இல்லை. சூடு கூரையிலிருந்து இறங்கி என் முதுகில் உட்கார்ந்தது. நான் பேசினேன். ஒரு வீட்டில் கிளி இருந்ததையும், அது என்னைப் பார்த்து "யல்லா, யல்லா" என்று விரட்டியதையும் சொன்னேன். கீழே யாரோ சிரிப்பை அடக்குவது கட்டிலின் ஆட்டத்தில் தெரிந்தது. பிறகு 'ம்ம்' போட்டேன். அவ்வளவு நன்றாக என் வாழ்நாளில் போட்டதில்லை. அனுப்பினேன்.

எல்லோரும் பதிலுக்குக் காத்திருந்தோம். ஏசியைத் திரும்பப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் மனைவியின் குரல் வந்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னங்க, காதப் பொத்தல. கத்தல. முழுசாக் கேட்டா." அவள் அங்கே நிறுத்தினாள். கீழே தம்பி கையை உயர்த்தினான். "ஆனா... அவளே சொல்லுறா, கேளுங்க. பாப்பா, அப்பாட்டச் சொல்லு."

பிள்ளையின் குரல், போனுக்கு மிகவும் கிட்ட: "இது யாரும்மா? இது அப்பா இல்ல."

"அப்பாதான்டி."

"இல்ல. அப்பா பேசுனா பின்னாடி உர்ர்ருன்னு இருக்கும். இது யாரோ."

"பயமா இருக்கா?"

"பயமா இல்ல. வேணாம். யாரோ."

அத்தோடு பதிவு முடிந்தது. பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளை கேட்ட தகப்பன் அந்த உறுமலோடு சேர்ந்தவன். உறுமலோடு அனுப்பினால் நான் பேய். உறுமல் இல்லாமல் அனுப்பினால் நான் யாரோ. நடுவில் அனுப்ப என்னிடம் வேறு குரல் இல்லை.

தஞ்சாவூர் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏதாவது சொல்வார் என்று எல்லோரும் அவரைப் பார்த்தோம். எதற்கும் ஒரு பேச்சு வைத்திருக்கிற மனிதர் அன்றைக்கு, "ஏசியப் போடுறா" என்று மட்டும் சொன்னார்.

மனைவி மறுநாள் பக்குவமாகச் சொன்னாள். "கொஞ்ச நாளைக்கு அனுப்ப வேணாங்க. மறக்கட்டும்." எதை மறக்கட்டும் என்று நான் கேட்கவில்லை. அவள் பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளையோடு படுக்கத் தொடங்கினாள். சில வாரங்கள் கழித்து, "இப்பத் தானாவே தூங்கிடுறா, எதுவும் வேண்டியதில்லங்க" என்று சந்தோஷமாகச் சொன்னாள். சந்தோஷமான விஷயம்தான். பிள்ளை பயமில்லாமல் தூங்குகிறது என்றால் தகப்பன் சந்தோஷப்பட வேண்டும். "நல்லதுதானே" என்றேன்.

குளிர் தொடங்கியது. சூப்பர்வைசர் சொன்ன சொல் மாறாமல் லீவு கொடுத்தார். கிளம்புவதற்கு முன் ஒரு பகலில் வீடியோவில் பிள்ளையோடு பேசினேன். முன் பல் ஆடுகிறது என்று காட்டினாள். பொம்மை கேட்டாள், அதற்குக் கண் மூடித் திறக்க வேண்டுமாம்.

"சரி. அப்பா வந்ததும் பாப்பாவ யாரு தூங்க வைக்கிறது?" என்றேன்.

"அம்மா."

"அப்போ அப்பா?"

அவள் யோசித்தாள். என்னை விட்டுவிடவும் அவளுக்கு மனம் வரவில்லை. ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டே எனக்கு ஓர் இடம் கண்டுபிடித்தாள்.

"நீ இந்தப் பக்கம் படுத்துக்க. ஆனா சத்தமே போடக் கூடாது. சரியா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.